எழுத உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவே ஓட்டு வீடு. கதை எழுதுவேன், வருமானத்துக்கு மொழிபெயர்ப்பு. எழுதும் அறை என்று ஒன்று கிடையாது, சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர மூலைதான். காலை ஒன்பதரைக்கு வீடு அடங்கும். மூன்றே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். நடுவில் கிடைக்கிற நேரத்துக்குள் யார் யார் நுழைந்தார்கள், எதற்கு எந்த வைத்தியம் கேட்டது, எது கேட்கவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில் மூன்று நாள் கணக்கு

பழுது எங்கே என்று தெரியாமல் ஸ்குரூ டிரைவரைத் தூக்கக் கூடாது. காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று நாளைக்கு, எழுத்திலிருந்து கை எடுக்கும்போதெல்லாம் நான்கு குறிப்பு: எழுந்த நேரம், திரும்ப உட்கார்ந்த நேரம், அதன் பிறகு முதல் வாக்கியம் எழுதிய நேரம், கூப்பிட்டது யார். கடைசிக் கட்டத்தில் பொய் எழுதக் கூடாது. "நானே" என்றால் "நானே".

என் தாளில் இருந்த ஒரு வரி இது: மீன், எழுந்தது 10.40, உட்கார்ந்தது 10.48, முதல் வாக்கியம் 11.13. மீன்கார அக்கா எடுத்துக்கொண்டது எட்டே நிமிஷம். மீதி இருபத்தைந்தும் விட்ட இடத்தைத் தேடியதில் போனது. அதுவரை முழுக் கோபமும் அக்காமேல்தான் இருந்தது.

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது மனசின் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதற்குக் கவன எச்சம் என்று பொருள்படும் பெயர் வைத்தார். 2018-ல் அவரும் தெரேசா குளோம்பும் சொன்ன மருந்து எளியது. எழும் முன், எங்கே நிற்கிறோம், வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாகக் குறித்துவிட வேண்டும். நான் இதைத் திரும்புசீட்டு என்பேன்.

யார் கூப்பிட்டாலும் "இன்னா வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, அந்தப் பத்து விநாடியில் எழுதும் பக்கத்திலேயே ஒரு வரி. "கிழவி காட்சி, தொடரணும்" என்று எழுதிப் பயனில்லை. அது தெரிந்த விஷயம்தானே. "அடுத்து: கிழவி சாவியைத் தர மாட்டாள், முந்தானையில் முடிந்துகொள்வாள்" என்று எழுதினால், திரும்பி வரும்போது கிழவி முந்தானையும் கையுமாக நிற்பாள். ஒருவர் ஏதாவது செய்கிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதி வாக்கியத்தில் கூப்பிட்டால் அதை முடித்துவிட்டுப் போக நினைக்காதீர்கள். பாதி வாக்கியம் உங்களைத் திரும்ப இழுக்கும்.

கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இது பொது மருந்து. மற்றதெல்லாம் கூடக் கொடுக்கிற மாத்திரை.

அறிகுறி: "நீ சும்மதான இருக்கே"

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாமியின், அதாவது மாமியாரின், குரல் வரும். "பிள்ளே, சும்மதான இருக்கே, இந்த மரச்சீனிய ஒண்ணு தொலிச்சுத் தா." மரவள்ளிக்கிழங்கைத் தோலுரிக்கச் சொல்கிறார்.

காரணம்: தையல் மெஷின் ஓடினால் சத்தம் கேட்கும். ரப்பர் ஷீட் அடித்தால் கையில் பால் வாடை இருக்கும். எழுதுகிறவளோ ஜன்னலுக்கு வெளியே பலா மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கோலத்தைச் சும்மா இருப்பது என்று சொல்லாமல் மாமி வேறு எப்படிச் சொல்வார்?

கேட்காத வைத்தியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். "வேலை நடக்கிறது" என்று தாள் ஒட்டினேன். மாமி கண்ணாடி போடாமல் எதையும் வாசிக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டாலும் வாசிக்க மாட்டார். காதில் இயர்போன் மாட்டினேன். கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், மாமி நேரில் வந்து தோளில் தட்டினார். அதற்குக் குரலே தேவலை. இலக்கியம் எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கவும் செய்தேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேட்டது ஒரு பழைய சிவப்புத் துவர்த்து, அதாவது துண்டு. நாற்காலி முதுகில் அது கிடந்தால் கூப்பிடக் கூடாது. பதினொன்றரைக்கு எடுத்துவிடுவேன், அப்போது சாயா, அப்போது எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அடுப்பில் தீ, பிள்ளைக்குக் காயம், மாமிக்குத் தலைசுற்றல், இவற்றுக்குத் துவர்த்து செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இதில் ரகசியம் போடுவதில் இல்லை, எடுப்பதில். பதினொன்றரை என்றால் பதினொன்றரைக்கு எடுத்தாக வேண்டும். "இன்னும் ஒரு பத்தி" என்று நான் பன்னிரண்டு வரை இழுத்த மறுநாள், பத்து மணிக்கே மரச்சீனி வந்துவிட்டது. முதல் வாரம் நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போடாதீர்கள். வீடு பழகட்டும், பிறகு நீட்டலாம்.

இரண்டு வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. சாயா குடிக்கும்போது மாமி விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்: "உனக்கிட்ட சொல்ல நாலு காரியம் வெச்சிருந்தேன், மூணு எனக்கே தீந்து போச்சு."

கூலி விவரத்தையும் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் காசு என்று சொன்னதும் மாமி மனக்கணக்குப் போட்டு, "அப்பம் இந்தப் பக்கம் ஒரு கிலோ சாளை மீனா?" என்றார். அன்றிலிருந்து கதை எழுதும்போதும் அது மொழிபெயர்ப்பு என்றே வீட்டில் நம்பிக்கை. நான் திருத்தவில்லை.

அறிகுறி: வாசலில் ஹாரன்

மீன்காரர்கள் தலையில் சருவம் சுமந்து வந்த காலம் போய், இப்போது டூவீலரில் பெட்டி கட்டி வருகிறார்கள். ஹாரனைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது; மீன் வேண்டுமே. பேரம் பேசுகிற நேரத்தைத்தான் வெட்டலாம். திண்ணையில் சட்டியும் நூறு ரூபாயும் வைத்துவிடுகிறேன். அக்கா பார்த்து நல்லதைப் போட்டுவிட்டுப் போவார். வாரத்தில் ஒருநாள் நமக்கு வேண்டாதது வந்து விழும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் பிறந்தால் இந்த ஏற்பாடு குலையும். கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேலைக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், தலா 61 நாள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு என்பதால் இரண்டு தடையும் உண்டு. முதலில் சின்னமுட்டம் துறைமுகம் நிற்கும், பிறகு குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் நிற்கும். நாட்டுப்படகு மீன்தான் வரும், அது வருகிற நேரத்துக்குத்தான் அக்காவும் வருவார். அந்த மாதங்களில் நான் எழுதும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிவிடுவேன்.

தேங்காய் வெட்டுகிறவர் வேறு ரகம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு என்பது கணக்கு. அவர் வருவது முந்தின நாளாகவும் இருக்கும், அடுத்த வாரமாகவும் இருக்கும். காலண்டரில் அந்த வாரத்தையே வட்டம் போட்டு வைத்து, புதிதாக எதுவும் தொடங்காமல் மெய்ப்புத் திருத்துகிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணிவிட்டு வந்து தொடர அதுதான் தோது.

அறிகுறி: கை தானாகப் போனுக்குப் போகிறது

என் மூன்று நாள் தாளில் மாமி ஒன்பது, "நானே" பதினேழு. அந்தப் பதினேழில் பதினான்கு போன். மணி அடித்ததால் எடுத்தது இரண்டு தடவைதான்.

ஆகவே சத்தத்தை நிறுத்தினால் மட்டும் சரியாகாது. போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்கு மேலே. எழுந்து அடுக்களைக்கு நடந்துபோய் எடுக்க வேண்டும் என்றால், பாதித் தடவை நாற்காலியிலேயே ஆசை அடங்கிவிடும்.

"அவசரம்னா?" என்று உடனே தோன்றும். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அமைப்புக்குள் போய் வீட்டுக்காரர், பிள்ளையின் ஸ்கூல் எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அதற்குள்ளேயே, திரும்ப அழைப்பவரை அனுமதிக்கும் ஒரு வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள் இரண்டாம் தடவை கூப்பிட்டால் மணி அடிக்கும்; ஐபோனில் 3 நிமிஷம். "அவசரம்னா உடனே ரெண்டாவது தடவை அடியுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தால் போதும்.

வாட்ஸாப் குடும்பக் குழு, ஸ்கூல் குழு, பழைய மாணவர் குழு: வாயடைத்தால், அதாவது மியூட் செய்தால், சத்தம் நிற்கும், ஆனால் திறந்ததும் எண்ணிக்கை பச்சைப் பொட்டாக நின்று கூப்பிடும். ஆவணப்படுத்திவிடுங்கள், அதாவது ஆர்கைவ். புதுச் செய்தி வந்தாலும் அது மேலே ஏறி வராது. உங்கள் பெயரைச் சுட்டியோ உங்கள் செய்திக்குப் பதிலாகவோ யாராவது எழுதினால் மட்டும் அறிவிப்பு வரும். எழுதுகிற கம்ப்யூட்டரில் வாட்ஸாப் வெப் இருந்தால் வெளியேறிவிடுங்கள். இல்லாவிட்டால் அரிசி டின் செய்த உபகாரம் வீண்.

அறிகுறி: ஒரு சொல் பார்க்கப் போனேன், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது

ஒரு கதையில் வாத்தியார் 1956 நவம்பர் 1 அன்று பள்ளியில் மிட்டாய் கொடுக்கிறார். தமிழகத்தோடு சேர்ந்து இந்த மாவட்டமாக ஆன நான்கு தாலுகாக்களையும் அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் வந்துவிட்டன. நாலாவது தொண்டையில் நிற்கிறது. போனை எடுத்தேன். நாற்பது நிமிஷம் கழித்து, கண்ணூரில் யாரோ ஒருவர் பழம்பொரி சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது விளவங்கோடு. என் அம்மா பிறந்த தாலுகா.

காரணம் எளிது: தேடும்போது எழுதும் மனசு இருக்கையை விட்டு எழுந்துவிடுகிறது. அதனால் எழுதும் நேரத்தில் எதையும் தேடக் கூடாது. ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவிட்டு ஓட வேண்டும். ஓட்டைக்கு நான் வைக்கும் குறி ழ்ழ. தமிழ்99 விசைப்பலகையில் ழ விசையை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ழ்ழ ஆகிவிடும். தமிழில் ர, ழ இரண்டும் தன்னோடு தான் சேர்ந்து இரட்டிக்காது என்பது இலக்கணம். எனவே எந்தச் சொல்லுக்குள்ளும் இது வராது. "தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், ழ்ழ" என்று போட்டுவிட்டு வாத்தியாரை மிட்டாய் கொடுக்க விடுங்கள். சாயங்காலம் கண்ட்ரோல் எஃப் அடித்து ழ்ழ தேடினால் எல்லா ஓட்டையும் வரிசையாக வந்து நிற்கும். ஒருநாள் பதினோரு ழ்ழ இருந்தது. இருபது நிமிஷத்தில் அடைத்தேன்; அதில் நான்கு தானாகவே ஞாபகம் வந்தது.

அறிகுறி: சத்தம்

எல்லாச் சத்தமும் ஒன்றில்லை. திருவனந்தபுரம் பாதையில் ரயில் போகிற சத்தம் எனக்கு உறைப்பதே கிடையாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடுகிற காற்று ஓட்டைத் தட்டினாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு டிவி உறைக்கிறது. புரிகிற பேச்சுதான் எழுத்துக்கு எதிரி. நாம் தேடுகிற சொல்லின் இடத்தில் அவர்கள் சொல் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்து வீட்டில் ஓடுவது மலையாள சீரியல். தெரியாத ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ஒலி. எங்களுக்கு எல்லாம் புரிந்து தொலைக்கிறது. மருமகள் நல்லவள் என்று எனக்கு இருநூறாவது எபிசோடிலேயே தெரியும்.

இதற்குப் பேச்சில்லாத சத்தத்தால்தான் பேச்சை மூட வேண்டும். பழைய மேசை விசிறி ஒன்று ஜன்னல் பக்கம் ஓடினாலே பாதி குறைந்துவிடும். மழைச் சத்தப் பதிவு, நாதஸ்வரம் எல்லாம் சரி. பாட்டு வேண்டாம், வரிகள் உள்ள பாட்டு இன்னொரு சீரியல்தான்.

மைக் செட் தனி. கோயில் கொடையாக இருந்தாலும் பங்குத் திருவிழாவின் பத்து நாளாக இருந்தாலும் தேதி முன்கூட்டியே தெரியும். சட்டமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கொடைக் கமிட்டிப் பொருளாளர் என் கொழுந்தன். விழாவுக்கு முந்தின நாள் செட்டுக்காரருக்கு ஒரு சாயா கொடுத்து, எங்கள் வீட்டைப் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பச் சொன்னேன். கட்டுகிற நேரத்தில் சொன்னால் திருப்புவார்கள். கட்டி முடித்துப் பாட்டுப் போட்ட பிறகு சொன்னால் சண்டை. வில்லுப்பாட்டு நடக்கிற ராத்திரி எழுதப் பார்க்காதீர்கள், பாய் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அறிகுறி: கல்யாணம் விளிக்க (அழைக்க) வந்திருக்கிறார்கள்

ஆவணியிலும் தையிலும் அதிகம். வைத்தியம் கிடையாது. திரும்புசீட்டு எழுதுங்கள், துவர்த்தை எடுங்கள், சட்டை மாற்றுங்கள்.

அறிகுறி: விருந்தாளி மூன்று நாள் தங்குகிறார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு இருந்தால் நீங்கள் இலவச லாட்ஜ் நடத்துகிறீர்கள் என்று பொருள். 2000 ஜனவரி 1-ல் 133 அடி வள்ளுவர் சிலை திறந்தபோது வந்தவர்கள், "எல்லாம் பாத்தாச்சு" என்று சொல்லிப் போனவர்கள். 2024 டிசம்பர் 30-ல் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்ததும் எல்லாரும் மறுபடி வந்தார்கள்.

அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு எழுத முடியாது. வெளியே அனுப்பி எழுதலாம், அதற்குத் திட்டம் தீட்டிக் கொடுக்க வேண்டும். முதல் நாள்: விடியற்காலையில் சூரிய உதயம், பிறகு படகு, திரும்பும் வழியில் சுசீந்திரம். படகு வரிசை உங்கள் நண்பன். விடுமுறை நாளில் மதியம் வரை பிடித்து வைக்கும். இரண்டாம் நாள்: பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி. குளித்துவிட்டு வரச் சாயங்காலம் ஆகும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும்: அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நான் மறந்து அனுப்பிய திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு ஒன்பது பேரும் வாசலில் நின்றார்கள், பசியோடு. மூன்றாம் நாள் நீங்களும் கூடப் போய்விடுங்கள். மூன்று நாளும் கூட வராதவள் என்ற பேச்சு பத்து வருஷம் நிற்கும்.

அறிகுறி: கரண்டு போய்விட்டது

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முந்தின நாள் பேப்பரில் வரும். அன்றைக்கு அச்செடுத்த பிரதியும் சிவப்புப் பேனாவுமாக உட்காரலாம். மழையில் மரம் விழுந்து போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடி மறுபடி "எப்ப வரும்" என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கரண்டு போன நேரத்தைவிட, வருமா வருமா என்று விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதிகம். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் யூபிஎஸ் இல்லாமல் எழுதாதீர்கள்; இரண்டு பக்கம் போன பிறகு வாங்கியவள் சொல்கிறேன்.

அறிகுறி: ஒரு இடையூறும் இல்லை, எழுத்தும் வரவில்லை

இதைத்தான் நான் கடைசியாகக் கண்டுபிடித்தேன். 2017 நவம்பர் 30, ஓகி புயல். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. எங்கள் பக்கம் பல நாள் கரண்டு இல்லை. டிவி இல்லை, மைக் செட் இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை, பிள்ளைகளுக்கு ஸ்கூலும் இல்லை. வருஷக்கணக்காக நான் கேட்ட அமைதி. மெழுகுவர்த்தி வைத்து நோட்டைத் திறந்தேன். ஒரு வரி வரவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று ஒவ்வொரு ஊராகச் செய்தி வந்துகொண்டிருந்தது. மீன்கார அக்கா வரவேயில்லை. அவர் வீட்டில் யாராவது போயிருந்தார்களா என்று தெரியவில்லை. நோட்டை மூடிவிட்டு நடந்தே போய் விசாரித்துவிட்டு வந்தேன். மனசில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் போய் அதைப் பாருங்கள், மேசை எங்கும் போகாது.

அப்படி ஒன்றும் இல்லாமலே வரவில்லை என்றால், சோதனை இது: வாசலில் ஹாரன் கேட்டதும் எரிச்சல் வருகிறதா, சந்தோஷம் வருகிறதா? சந்தோஷமாக ஓடினால், பழுது வாசலில் இல்லை, கதைக்குள். எங்கேயோ நீங்களே நம்பாத ஒன்றை எழுதிவிட்டு அதற்கு மேல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரிசெய்ய: பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, யார் கூப்பிட்டாலும் எரிச்சல் வந்த கடைசி இடத்துக்குப் போங்கள். மூன்று நாள் கணக்குத் தாளில் நேரம் இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அந்த இடத்துக்குப் பிறகு எழுதியதை எல்லாம் வெட்டித் தனி ஃபைலில் போட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். வெட்டியதை அழிக்க வேண்டாம். சாவியைத் தர மாட்டேன் என்று முந்தானையில் முடிந்துகொண்ட அந்தக் கிழவி, அப்படி வெட்டிப் போட்ட ஃபைலில்தான் இரண்டு வருஷம் இருந்தாள்.